‘வளர்ப்பு சரியில்ல’ன்னு சொல்றதுக்கு முன்னாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னிக்கு எபிசோடை ஒரு மளிகைக் கடையில இருந்து ஆரம்பிக்கலாம்.

நான் பிறவி இடதுகைக்காரன். எங்க தெருமுனைக் கடையில அவசரத்துல நூறு ரூபாய் நோட்டை இடது கையால நீட்டிடுவேன். கடைக்கார அண்ணாச்சி ஒண்ணும் சொல்ல மாட்டார். நோட்டை வாங்கவும் மாட்டார். சும்மா என் கையைப் பார்ப்பார், ஒரே ஒரு விநாடி. நான் நோட்டை வலது கைக்கு மாத்துவேன், அவர் வாங்கிப்பார். இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

பீச்சாங்கையால காசு கொடுக்கக் கூடாதுன்னு எந்தப் பாடப் புத்தகத்துலயும் இல்ல. கால் புத்தகத்துல பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறது, பெரியவங்க எதிர்ல கால் மேல கால் போடாம இருக்கறது, பந்தியில பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கறதுக்கு முன்னாடி எழுந்திரிக்காம இருக்கறது, இதுக்கெல்லாம் யாரும் கிளாஸ் எடுக்கல. ஆனா நமக்குத் தெரியும். எப்படி உள்ள போச்சு?

இன்னொரு கேள்வியும் இருக்கு, அதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. ஒருத்தருக்கு அது உள்ள போகலைன்னா? நம்ம ஊர்ல அதுக்கு ரெடிமேட் பதில் இருக்கு: “வளர்ப்பு சரியில்ல.” அந்த வாக்கியம் பையனைப் பத்தினது மாதிரி இருக்கும், ஆனா போய் விழறது பெரும்பாலும் அவங்க அம்மா தலையில. அந்த பதில் எவ்வளவு தூரம் சரின்னு மூளை ஆராய்ச்சியையும் மரபணு ஆராய்ச்சியையும் வெச்சு கொஞ்சம் பார்க்கலாம்.

முதல்ல குழந்தைங்ககிட்ட போவோம். விதியைக் கத்துக்கறதுல மனுஷக் குழந்தை ஒரு விசித்திரமான பிராணி. 2005ல விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரு பெட்டி, அதுக்குள்ள தின்பண்டம். ஒரு பெரியவர் குச்சியை வெச்சு முதல்ல பெட்டியோட மேல் ஓட்டையில குத்துவார், அப்புறம் பக்கவாட்டு ஓட்டையில விட்டு தின்பண்டத்தை எடுப்பார். மேல குத்தறது வெட்டி வேலை, அதுக்கும் தின்பண்டத்துக்கும் சம்பந்தமே இல்ல. பெட்டி கறுப்பா இருந்தா அது தெரியாது. கண்ணாடி மாதிரி தெளிவான பெட்டியா இருந்தா பளிச்சுன்னு தெரியும்.

உகாண்டாவில ஒரு சரணாலயத்துல இருக்கற சிம்பன்ஸிகள்கிட்ட தெளிவான பெட்டியைக் கொடுத்தாங்க. அதுங்க மேல குத்தற வேலையை விட்டுட்டு நேரா தின்பண்டத்துக்குப் போச்சு. ஸ்காட்லாந்துல மூணு, நாலு வயசுக் குழந்தைங்ககிட்ட அதே பெட்டியைக் கொடுத்தாங்க. குழந்தைங்க சமத்தா மேலயும் குத்திட்டு, அப்புறம்தான் எடுத்தாங்க. சிம்பன்ஸி காரியத்தைப் பார்த்தது. குழந்தை “இங்க இப்படித்தான் செய்வாங்க போல”ன்னு பார்த்தது. யோசிச்சுப் பார்த்தா, சாமி கும்பிடும்போது நாம செய்யற பாதி விஷயத்தை நாம கத்துக்கிட்டதும் இப்படித்தான்.

பின்பற்றறது மட்டும் இல்ல, போலீஸ் வேலையும் பார்ப்பாங்க. 2008ல வெளிவந்த ஒரு ஆய்வு இது. ஹானஸ் ராகோசி, ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ மூணு பேரும் செஞ்சது. அர்த்தமே இல்லாத ஒரு புதுப் பேரை வெச்சு ஒரு விளையாட்டைக் குழந்தைக்குக் காட்டுவாங்க. அப்புறம் ஒரு கைப்பொம்மை வந்து “நானும் அதை விளையாடப் போறேன்”ன்னு சொல்லிட்டு வேற மாதிரி செய்யும். மூணு வயசுக் குழந்தைங்க பொம்மையைத் திட்டுது! “அப்படி இல்ல, இப்படித்தான்”ன்னு. அந்த விளையாட்டு பிறந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பரிசு இல்ல, தண்டனை இல்ல. ஆனா விதின்னு ஒண்ணு வந்தாச்சு, மீறினா கோபமும் வந்தாச்சு.

சரி, இது மூளைக்குள்ள எப்படி நடக்குது? அண்ணாச்சியோட அந்த ஒரு விநாடிப் பார்வைக்குத் திரும்புவோம்.

மூளை எப்பவும் அடுத்து என்ன நடக்கும்னு கணிச்சுக்கிட்டே இருக்கு. கணிச்சது நடக்கலைன்னா ஒரு சிக்னல் போகும். நினைச்சதைவிட நல்லா நடந்தா டோபமைன் செல்கள் துள்ளும், எதிர்பார்த்தது கிடைக்கலைன்னா அடங்கும். குரங்குகள்கிட்ட இதை 1990கள்ல வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் பதிவு பண்ணிக் காட்டினார். பழரசம் கிடைக்குமா கிடைக்காதாங்கற விவகாரம் அது. 2009ல வசிலி குளுச்சரேவும் அவரோட சகாக்களும் கேட்ட கேள்வி: ஊரோட ஒத்துப் போறதும் இதே மெஷின்லதான் ஓடுதா?

ஸ்கேனருக்குள்ள படுத்திருக்கறவங்ககிட்ட முகங்களோட போட்டோவைக் காட்டி, எவ்வளவு அழகுன்னு மார்க் போடச் சொன்னாங்க. போட்ட உடனே, “மத்தவங்க சராசரியா இவ்வளவு போட்டிருக்காங்க”ன்னு ஒரு எண் வரும். நீங்க போட்டதும் ஊர் போட்டதும் ஒத்துப் போகலைன்னா, மூளையில தப்பைக் கண்டுபிடிக்கற நடு முன்பகுதி சுறுசுறுப்பாச்சு, வெகுமதியோட சம்பந்தப்பட்ட பகுதி மந்தமாச்சு. அதாவது, எதிர்பார்த்த பழரசம் கிடைக்காத குரங்கு மாதிரி. கொஞ்ச நேரம் கழிச்சு அதே முகங்களுக்கு மறுபடி மார்க் போடச் சொன்னா, ஊர்ப்பக்கம் சாஞ்சுட்டாங்க. அந்தத் தப்பு சிக்னல் எவ்வளவு பலமோ அவ்வளவு சாய்வு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே குழு, அந்த நடு முன்பகுதியைக் காந்தத் துடிப்பால தற்காலிகமா மந்தப்படுத்தினப்போ, சாயறதும் குறைஞ்சது.

யாரும் அவங்களைத் திட்டல, கேலி பண்ணல. ஸ்க்ரீன்ல ஒரு எண், அவ்வளவுதான். ரீல்ஸ் போட்டுட்டு லைக் எண்ணிக்கையைப் பார்த்துக்கிட்டே இருக்கற நம்ம ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அண்ணாச்சி பார்வையும் அப்படி ஒரு எண்தான்.

இப்ப இந்த எபிசோடோட நடுப்பகுதிக்கு வர்றேன். இதுக்காகத்தான் மைக்கை ஆன் பண்ணினேன்.

அமெரிக்காவில அயோவா பல்கலைக்கழகத்துல அன்டோனியோ டமாசியோவோட குழு, நெத்திக்குப் பின்னால, கண்ணுக்கு மேல இருக்கற மூளைப் பகுதியில அடிபட்டவங்களை ரொம்ப நாளா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாங்க. பிரீஃப்ரன்டல் கார்டெக்ஸோட அடிப்பகுதின்னு வெச்சுக்கோங்க. 1985ல அந்தக் குழு எழுதின ஒரு நோயாளியை ‘ஈ.வி.ஆர்.’னு குறிப்பிடுவாங்க. (நம்ம ஊர்ல இந்த மூணு எழுத்தைச் சொன்னா வேற ஒருத்தர்தான் ஞாபகத்துக்கு வருவார். சம்பந்தம் இல்ல, இவர் ஒரு அமெரிக்கக் கணக்காளர்.) நல்ல வேலை, குடும்பம், ஊர்ல மரியாதை. முப்பத்தஞ்சு வயசுல அந்த இடத்துல ஒரு கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, கூடவே சுத்தியிருந்த மூளைத் திசுவும் போச்சு. அறிவுத்திறன் சோதனையில அதே பழைய மார்க், இன்னும் சொல்லப்போனா அமோகமான மார்க். ஆனா வாழ்க்கை சிதறிப் போச்சு. வேலை போச்சு, எல்லாரும் வேண்டாம்னு சொன்ன தொழில்ல பணம் போட்டு திவால் ஆனார், விவாகரத்து, மறு கல்யாணம், மறுபடி விவாகரத்து.

விசேஷம் என்னன்னா, அவர்கிட்ட “ஒருத்தர் இந்தச் சூழ்நிலையில என்ன செய்யணும்?”னு காகிதத்துல கேள்வி கேட்டா, அழகா பதில் சொல்வார். எது நியாயம், எது முறை, எல்லாம் தெரியும். விதி உள்ள இருக்கு. நேர்ல வாழும்போது அது கைக்கு வர மாட்டேங்குது.

இவர் பெரியவர் ஆனப்புறம் அடிபட்டவர். முப்பத்தஞ்சு வருஷம் விதிகளைச் சேர்த்து வெச்சிருந்தார். அதே இடத்துல, விதிகளைக் கத்துக்கறதுக்கு முன்னாடியே, குழந்தையில அடிபட்டா?

அந்தக் கேள்விக்கு 1999ல ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழ்ல ஒரு கட்டுரை வந்தது. ஸ்டீவன் ஆண்டர்சன் முதல் ஆசிரியர், டமாசியோ தம்பதியும் அதுல உண்டு. ரெண்டே ரெண்டு பேரைப் பத்தினது. ஒரு பொண்ணு, ஆய்வு நடந்தப்போ வயசு 20. பதினஞ்சு மாசக் குழந்தையா இருந்தப்போ வண்டி ஏறி அடிபட்டது. சில நாள்லயே தேறிட்டா, எல்லாரும் பிழைச்சாளேன்னு நிம்மதி ஆனாங்க. இன்னொருத்தர் ஒரு பையன், வயசு 23. மூணு மாசக் குழந்தையில மூளையோட வலது முன்பகுதியில இருந்த கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்திருந்தாங்க. அதுவும் நல்லா தேறிடுச்சு.

பொண்ணுக்கு மூணு வயசு ஆனப்போ வீட்ல ஒண்ணைக் கவனிச்சாங்க. திட்டினாலும் சரி, தண்டிச்சாலும் சரி, அவகிட்ட அது ஒட்டவே இல்ல. பிடிவாதம் இல்ல இது, கவனிங்க. பிடிவாதக் குழந்தைக்குத் திட்டு வலிக்கும், அதனாலதான் அது கத்தும். இவளுக்கு அது வலிச்ச மாதிரியே தெரியல. வளர வளர பொய், வீட்லயும் கடையிலயும் திருட்டு, திரும்பத் திரும்ப போலீஸ். பதினாலு வயசுல சிறப்பு விடுதியில சேர்க்க வேண்டிய நிலை. நிலைச்ச சிநேகிதம்னு ஒண்ணுகூட இல்ல. பதினெட்டு வயசுல குழந்தை பெத்துக்கிட்டா, அந்தக் குழந்தைக்கு என்ன வேணும்னு அவளுக்குப் புரியல. எதுக்கும் வருத்தப்பட்டதா தெரியல. எப்பவும் தப்பு மத்தவங்க மேலதான்.

பையன் கதை கொஞ்சம் சத்தம் கம்மி. ஒன்பது வயசு வாக்குல எதுலயும் ஆர்வம் இல்லாம போச்சு. பள்ளிப் படிப்பை ஒருவழியா முடிச்சார். அதுக்கப்புறம் டி.வி., பாட்டு, சின்னச் சின்னத் திருட்டு, காரணமே இல்லாத பொய். அவருக்கும் ஒரு குழந்தை உண்டு, அதோட பொறுப்பை அவர் எடுத்துக்கல.

இப்ப சொல்லுங்க, இந்த ரெண்டு பேரையும் நம்ம தெருவுல பார்த்தா நாம என்ன சொல்லியிருப்போம்? “வளர்ப்பு சரியில்ல.” தயங்காம சொல்லியிருப்போம்.

ஆனா கட்டுரையில பெற்றோரைப் பத்தி எழுதியிருக்கு. ரெண்டும் நடுத்தர வர்க்கக் குடும்பங்கள், அம்மா அப்பா கல்லூரி படிச்சவங்க, வீட்ல நிம்மதியான சூழல், குழந்தைக்காக நேரத்தைக் கொட்டினவங்க. அதே வீட்ல அதே அம்மா அப்பா வளர்த்த கூடப்பிறந்தவங்க எல்லாரும் சாதாரணமா வளர்ந்து சாதாரணமா வாழறாங்க.

அப்புறம் வர்றதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம். ஈ.வி.ஆர். கிட்ட கேட்ட மாதிரி இவங்ககிட்டயும் காகிதக் கேள்வி கேட்டாங்க. மருந்து வாங்கக் காசில்லாதவன் உயிரைக் காப்பாத்த மருந்தைத் திருடலாமா, அந்த ரகம். பதில்ல வந்தது ஒரே கணக்கு: மாட்டிக்குவேனா, மாட்டிக்க மாட்டேனா. பத்து வயசுக் குழந்தை அளவிலான பதில்கள்னு எழுதினாங்க. அடுத்தவருக்கு என்ன ஆகும்ங்கற பக்கமே பேச்சு போகல. ஈ.வி.ஆருக்கு விதி தெரியும், பயன்படுத்த முடியல. இவங்களுக்கு விதியே உள்ள வரல. அறிவுத்திறன் ரெண்டு பேருக்கும் சராசரி, பள்ளிப் பாடம் புரிஞ்ச அளவுக்குப் புரிஞ்சது. இது மட்டும் ஏறல.

ஏன்? டமாசியோ குழு சொல்ற விளக்கம் இது. விதியை நாம மூளையில எழுதி வெச்சுக்கறதில்ல, ஒவ்வொரு தடவையும் உடம்புல ஒரு சின்னச் சுருக்குன்னு வாங்கிச் சேர்க்கறோம். அம்மா முகம் வாடினப்போ வயித்துல ஒரு பிசைவு, டீச்சர் பார்த்தப்போ காதுல சூடு. அடுத்த தடவை அதே தப்பைச் செய்யப் போகும்போதே அந்தச் சுருக்கு முன்கூட்டியே வந்துடும். அடிபட்ட பகுதி அந்தச் சுருக்கையும் சூழ்நிலையையும் முடிச்சுப் போடற இடம். அந்த முடிச்சுக் கயிறு இல்லைன்னா, ஆயிரம் தடவை சொன்னாலும் அது ஆயிரம் முதல் தடவைதான்.

ரெண்டு பேரை வெச்சு உலகத்துக்கே சட்டம் போட முடியாது, அது உண்மை. ரெண்டு பேருக்கும் அடிபட்ட இடமும் ஒரே மாதிரி இல்ல. அதே அயோவா குழு 2014ல எட்டுப் பேரை வெச்சு மறுபடி பார்த்தாங்க. சின்ன வயசுல அடிபட்டவங்களோட நியாயத் தீர்ப்புகள், பெரியவங்களானப்புறம் அடிபட்டவங்களைவிட, தனக்கு என்ன லாபம்ங்கற பக்கம் சாஞ்சிருந்தது. எட்டும் பெரிய எண் இல்ல. இந்த மாதிரி விபத்து அரிது, அரிதா இருக்கறதே நல்லதும்கூட. ஆனா அந்த ரெண்டு வீட்டு அம்மாக்களுக்கு அந்த ஸ்கேன் படம் என்னவா இருந்திருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன். இருபது வருஷம் எங்க தப்பு பண்ணினோம்னு தேடியிருப்பாங்க.

சரி, மரபணு. இங்கதான் வாட்ஸ்அப் விஞ்ஞானிகள் ரொம்ப உற்சாகம் ஆவாங்க. “ரத்தத்துலயே இருக்கு”ன்னு சொல்லற ஆளுங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணிடலாம். எந்த விதியும் எந்த மரபணுவுலயும் எழுதப்படல. சென்னையில பிறந்த குழந்தையை ஒசாகாவுல வளர்த்தா அது நூடுல்ஸை உறிஞ்சிக் குடிக்கும், இலையை மடிக்கத் தெரியாது. மரபணு தர்றது விதியை இல்ல, விதியைப் பிடிக்கற வலையை. யாருக்கு எவ்வளவு பயம், யாருக்கு எவ்வளவு கூச்சம், யாருக்கு வெகுமதி இனிக்கும், யாருக்குத் தண்டனை உறைக்கும், அதுல ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்துல ஒரு பங்கு பிறப்புலயே வருது.

எவ்வளவு பங்கு? இரட்டையர்களை வெச்சுப் பார்ப்பாங்க. ஒரே கருவுல இருந்து பிரிஞ்சவங்க, ரெண்டு கருவுல வந்தவங்க, இவங்களை ஒப்பிட்டா ஒரு கணக்கு கிடைக்கும். 2015ல ஐம்பது வருஷ இரட்டையர் ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேர்த்தாங்க. ஒரு கோடியே நாப்பத்தஞ்சு லட்சம் ஜோடிகளுக்கு மேல. எல்லாக் குணங்களுக்கும் சேர்த்து சராசரி 49 சதவீதம். இதைக் கேட்டுட்டு “பாதி ஜீன், பாதி வளர்ப்பு”ன்னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. இது உங்களுக்குள்ள பாதி, எனக்குள்ள பாதின்னு சொல்லற கணக்கு இல்ல. ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வேறுபாட்டுல எவ்வளவு மரபணு வேறுபாட்டோட சேர்ந்து போகுதுங்கற கணக்கு. கூட்டம் மாறினா எண்ணும் மாறும்.

நம்ம தலைப்புக்கு நெருக்கமா ஒண்ணு இருக்கு. 2007ல ஸ்வீடன்ல இரட்டையர்களை ‘அல்டிமேட்டம்’ விளையாட்டு ஆட வெச்சாங்க. ஒருத்தர்கிட்ட பணம் கொடுப்பாங்க, அவர் உங்களுக்கு ஒரு பங்கு தருவார். அநியாயமான பங்குன்னு தோணினா நீங்க நிராகரிக்கலாம், ஆனா நிராகரிச்சா ரெண்டு பேருக்கும் பட்டை நாமம். எவ்வளவு குறைஞ்சா ஒருத்தர் “போய்யா, வேண்டாம்”ன்னு சொல்றார்ங்கறதுல இருக்கற வேறுபாட்டுல, சுமார் 40 சதவீதம் மரபணுவோட சேர்ந்து போச்சு. நியாயத்துக்குக் கோபப்படறதுலயும் பிறவி வாசனை கொஞ்சம் இருக்கு.

ஆனா எந்த ஜீன்? இந்த இடத்துல ஒரு பழைய தப்பைப் பேசியே ஆகணும். 1993ல ஹான் ப்ரூனர் குழு, நெதர்லாந்துல ஒரு குடும்பத்தைப் பத்தி எழுதினாங்க. அந்தக் குடும்பத்து ஆண்கள் சிலருக்கு ‘எம்.ஏ.ஓ.ஏ.’ங்கற மரபணு முழுசா வேலை செய்யல, அவங்ககிட்ட திடீர் வன்முறை இருந்தது. அது மிக அரிதான கோளாறு. 2002ல நியூசிலாந்தோட டனீடின் ஊர்ல, பிறப்புல இருந்து தொடர்ந்து கவனிச்சு வந்த பிள்ளைகளை வெச்சு இன்னொரு ஆய்வு. இதுல பார்த்தது அதே மரபணுவோட சாதாரண, மெதுவா வேலை செய்யற வகை. இது ரொம்பப் பொது, ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு உண்டு. கண்டுபிடிச்சது என்ன? அந்த வகை இருந்து, கூடவே சின்ன வயசுல கொடுமையும் அனுபவிச்சிருந்தா, பின்னாடி சமூக விரோதப் போக்கு அதிகம். அந்த வகை மட்டும் இருந்தா பெரிசா ஒண்ணும் இல்ல.

பத்திரிகைக்காரங்க ரெண்டாவது பாதியைக் கத்தரிச்சுட்டு “போர்வீரன் ஜீன்”னு பேர் வெச்சாங்க. 2009ல இத்தாலியில ட்ரியெஸ்தே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு கொலைக் குற்றவாளிக்கு இந்த மரபணு வகையையும் காரணமா எடுத்துக்கிட்டு தண்டனையில ஒரு வருஷம் குறைச்சது. மூணுல ஒருத்தருக்கு இருக்கற ஒண்ணுக்காக ஒரு வருஷம்! அந்தக் கணக்குல பார்த்தா எந்த மெட்ரோ ரயில் பெட்டியிலயும் மூணு ஆண்கள்ல ஒருத்தரைப் பார்த்து நாம பயப்படணும். என் அபிப்பிராயத்துல அது அறிவியல் நீதிமன்றத்துக்குள்ள போன நாள் இல்ல, பத்திரிகைத் தலைப்பு போன நாள். ஒரே ஒரு ஜீனைப் பிடிச்சு ஒரு குணத்தை விளக்கற அந்தக் காலத்து ஆய்வுகள் நிறைய, பெரிய கூட்டத்தை வெச்சுப் பார்த்தப்போ நிக்கல. குணங்கள்ல பெரும்பாலும் ஆயிரக்கணக்கான இடங்கள், ஒவ்வொண்ணும் மயிரிழை அளவு.

விதிவிலக்கு உண்டு. வில்லியம்ஸ் சிண்ட்ரோம். ஏழாவது குரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு, சுமார் 25 மரபணுக்கள், இல்லாமலே பிறக்கற குழந்தைங்க. இதய நோய், கத்துக்கறதுல சிரமம், இதெல்லாம் கூட வரும். ஆனா இவங்களைப் பார்த்த யாரும் மறக்காத விஷயம், அவங்களோட அன்பு. பஸ் ஸ்டாண்டுல முன்ன பின்ன தெரியாதவர்கிட்ட ஓடிப் போய் கையைப் பிடிச்சுக்கும். “தெரியாதவங்ககிட்ட போகாதே”ங்கற விதி இவங்ககிட்ட லேசுல ஏறாது, அதுதான் பெத்தவங்களோட தீராத பயம். 2010ல இந்தக் குழந்தைங்க இருபது பேரை வெச்சு ஒரு சின்ன ஆய்வு நடந்தது. மத்த குழந்தைங்க எல்லாம் படத்துல இருக்கற தோல் நிறத்தைப் பார்த்து இவன் நல்லவன், இவன் கெட்டவன்னு சாஞ்சப்போ, இவங்ககிட்ட அந்தச் சாய்வு தெரியல. ஆனா ‘இது பொம்பளப் பிள்ளை வேலை, இது ஆம்பளப் பிள்ளை வேலை’ங்கற சாய்வு, மத்த குழந்தைங்க மாதிரியே இருந்தது! எனக்கு இது ரொம்ப நாள் மண்டையைக் குடைஞ்சது. ஊர் கத்துக் கொடுக்கற எல்லா விதியும் ஒரே வாசல் வழியா உள்ள வர்றதில்ல போல. சிலது பயத்தோட வாசல்ல வருது, அந்த வாசல் மூடியிருந்தா வர்றதில்ல. சிலது வேற வழியில வந்துடுது.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், ஏன்னா இது வரைக்கும் நான் பேசினது எல்லாம் ‘கத்துக்காதவர் மூளையில என்ன குறை’ங்கற தொனியில போயிட்டிருக்கு. ஆட்டிசம் உள்ளவங்களைப் பத்தி ரொம்ப நாளா அப்படித்தான் பேசினாங்க. சமூக விதி புரியாது, குறை அவங்ககிட்ட, அவ்வளவுதான். டேமியன் மில்ட்டன்னு ஒரு ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், 2012ல கேட்டார்: எங்களுக்கு உங்களைப் புரியலைன்னா, உங்களுக்கு மட்டும் எங்களைப் புரியுதா? 2020ல எடின்பரோவுல கேத்தரின் க்ராம்ப்டன் குழு இதை சோதிச்சுப் பார்த்தாங்க, நம்ம ‘காதுல சொல்லு’ விளையாட்டு மாதிரி. எட்டெட்டுப் பேர் வரிசை, ஒரு கதை கைமாறிக் கைமாறிப் போகணும். ஆட்டிசம் உள்ளவங்க மட்டும் இருந்த வரிசையில கதை நல்லாவே போச்சு, மத்தவங்க வரிசைக்கு ஒண்ணும் குறைவில்ல. ரெண்டு வகை ஆளுங்களும் மாறி மாறி நின்ன வரிசையிலதான் கதை சிதைஞ்சது. அப்ப குறை எந்த மூளையில இருக்கு? நடுவுல இருக்கு. ஆனா எப்பவும் ஒரு பக்கத்தைத்தான் தெரபிக்கு அனுப்பறோம்.

கடைசியா என் இடது கை. இடதுகைப் பழக்கத்துல மரபணுவோட பங்கு சுமார் கால்வாசிதான்னு இரட்டையர் ஆய்வுகள் சொல்லுது. உலகம் முழுக்க பத்துல ஒருத்தர் என்னை மாதிரி. எங்க பாட்டி என்னை வலது கையால எழுத வெச்சாங்க. அடிச்செல்லாம் இல்ல, ரொம்பப் பாசமாத்தான், இடது கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கச் சொல்லி. நாளைக்குப் பந்தியில நாலு பேர் இவனைப் பார்த்து ஒண்ணு சொல்லக் கூடாது, “வளர்ப்பு சரியில்ல”ன்னு தன் மகளை யாரும் சொல்லிடக் கூடாது, அதான் அவங்க கவலை.

ஜெர்மனியில ஸ்டெஃபன் க்ளொப்பல் குழு, சின்ன வயசுல என்னை மாதிரி கை மாத்தப்பட்டவங்களை 2007ல ஸ்கேன் பண்ணினாங்க. கையை நேரடியா அசைக்கற பகுதி, பிறவி வலதுகைக்காரங்க மாதிரியே மாறிப் போயிருந்தது. ஆனா அசைவைத் திட்டமிடற மேல்மட்டப் பகுதிகள் மாறல. பல வருஷம் கழிச்சும் அங்க இடதுகைக்காரனோட அடையாளம் அப்படியே இருந்தது, இன்னும் கூடுதலாவே வேலை பார்த்துக்கிட்டிருந்தது.

இதைப் படிச்ச அன்னிக்கு சாயந்திரம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். நோட்டை எடுக்கும்போது எந்தக் கை முதல்ல பர்ஸுக்குப் போகுதுன்னு கவனிச்சேன். இடது. நீட்டறதுக்குள்ள வலதுக்கு மாறிடுச்சு, அவர் பார்க்க வேண்டிய அவசியமே வரல. மீதிச் சில்லறையோட ஒரு கடலை மிட்டாயும் கொடுத்தார். அதை வாங்கினது எந்தக் கையாலன்னு இப்ப வரைக்கும் ஞாபகம் இல்ல.

அடுத்த வாரம் பேசலாம். வர்றேன்.